பிள்ளையாருக்கு ஒரு கைப்பேசி எண்

1

போன புதன்கிழமை காலை ஆறு மணிக்கு என் போன் அடிக்கவில்லை.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு சேதியா என்று தோன்றும். எனக்கு அது பெரிய சேதி. ஜெர்மனிக்கு வந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், அந்த நேரத்துக்கு அடித்துக்கொண்டிருந்த போன் அது. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கு அடிக்கும். இங்கே வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை முன்னும் பின்னும் திருப்பி வைத்து விளையாடுவார்கள். தி.நகரில் கடை திறப்பவர்களுக்கு அந்த விளையாட்டெல்லாம் கிடையாது. அங்கே ஒன்பதரை என்றால் ஒன்பதரைதான்.

எடுத்தால் அங்கே பில் போடும் குமுதாவின் குரல். "வசந்தி, மக்கர் பண்ணுது." அவ்வளவுதான் பேச்சு. நான் எழுந்து, சமையலறை மேஜையில் மடிக்கணினியைத் திறப்பேன். ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், ஜவுளிக் கடையின் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் கணினிக்குள் இங்கிருந்தே நுழைவேன். உறைந்துபோய் நிற்கும் பில் புரோகிராமை நிறுத்தி, மறுபடி கிளப்பிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அன்றைய முதல் பில் என் திரையில் வந்து விழும். வாடிக்கையாளர்: பிள்ளையார். பொருள்: மஞ்சள் துணி. தொகை: பூஜ்யம்.

அது முதலாளி அண்ணாச்சியின் கடை வழக்கம். கையால் பில் எழுதிய காலத்தில் முதல் தாளைச் சாமிக்கென்று எழுதி, கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தின் முன்னால் வைத்துவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் போடுவார்கள். கணினி வந்தபோது அண்ணாச்சி என்னிடம் போட்ட ஒரே நிபந்தனையும் அதுதான். மற்றதெல்லாம் உன் இஷ்டம், சாமி பில் மட்டும் விடுபடக் கூடாது என்றார்.

அந்தப் பில்லைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காபி இறங்கும். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்த எங்கள் தெருவும் இல்லை. என்னை எழுப்புவதற்கென்று ஊரில் மிச்சமிருந்தது அந்த ஒரு போன்தான்.

2

குமுதாவும் நானும் ஒரே தெரு. பிளஸ் டூ முடித்ததும் இரண்டு பேரும் ஒன்றாகப் போய் அண்ணாச்சி கடையில் பில் போடச் சேர்ந்தோம். அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். கடைக்கு வருபவர் ஓரிடத்தில் சேலை எடுத்து, இரண்டாவது இடத்தில் பில் வாங்கி, மூன்றாவது இடத்தில் பணம் கட்டி, நான்காவது இடத்தில் முத்திரை குத்தி மூட்டையை வாங்கிக்கொண்டு போக வேண்டும். எங்கே வரிசை நின்றாலும் திட்டு விழுவது எங்களுக்குத்தான். நான் மாலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து வெளியே வேலைக்குப் போனேன். குமுதா அங்கேயே இருந்தாள். அந்த வரிசையைக் குறைப்பதற்காக நான் எழுதியதுதான் இந்தப் புரோகிராம்.

நான் அதை விற்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து போட்டுவிட்டேன். ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். பாண்டி பஜாரிலிருந்து மயிலாப்பூர் மாட வீதி வரை எத்தனையோ கடைகளில் இன்று ஓடுகிறது. திறந்து போட்டதற்கான பலனையும் அனுபவிக்கிறேன். இலவசமாக எடுத்தவர்கள் காசு கொடுத்து வாங்கியவர்களைவிட அதிகாரமாகக் கேட்கிறார்கள். "மேடம், அர்ஜெண்ட்" என்று மட்டும் எழுதி அனுப்புவார் ஒருவர். என்ன அர்ஜெண்ட் என்று பதில் எழுதினால் ஒரு வாரத்துக்குச் சத்தமே இருக்காது.

இந்த வருஷம் தலைவலி வேறு ரூபத்தில் வந்தது. இந்தப் புரோகிராம் ஒரு ஃபிரேம்வொர்க்கின் மேல் கட்டப்பட்டது. தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், சமையல் நம்முடையது, ஆனால் அடுப்பு, மேடை, குழாய் எல்லாம் வேறு யாரோ போட்டுக் கொடுத்தது. நான் எடுத்த அடுப்புக்கு வயதாகிவிட்டது. அந்தப் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அதை உருவாக்குபவர்கள் அறிவித்துவிட்டார்கள். புதிய பதிப்புக்குப் போவதென்றால் பாதியைத் திரும்ப எழுத வேண்டும். பாதியை எழுதுவதற்கு, வேறு புதிய ஃபிரேம்வொர்க்குக்கே மொத்தமாக மாறிவிடலாமே என்பது எங்களோடு சேர்ந்து எழுதும் இளவட்டங்களின் வாதம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தொழிலில் எதையும் முழுசாகத் தேய விடமாட்டார்கள். கற்று முடித்து, கை பழகி, இனி நிம்மதி என்று உட்காரும்போது, அடடா இன்னும் அதையா வைத்திருக்கிறீர்கள் என்பார்கள். அடையாறில் உட்கார்ந்திருக்கும் ஒரு தம்பி இணையவழிக் கூட்டத்தில் சொன்னான், பழைய ஃபிரேம்வொர்க்கில் வேலை செய்யப் புதிதாக ஒருவரும் வரமாட்டார்களாம், தன் சுயவிவரத்தில் அதைப் போடவே வெட்கமாக இருக்கிறதாம். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் கூடுதலாகக் கோபம் வந்தது.

உட்கார்ந்து நீளமாக ஒரு கோப்பு எழுதினேன். மாற்றினால் என்ன, மாற்றாவிட்டால் என்ன என்று. பழைய பிரிண்டர்களோடு பேசுவதற்குப் புதியதில் வழி இல்லை. வரிக் கணக்கு அறிக்கைகள் அத்தனையும் திரும்ப எழுதப்பட வேண்டும். கடைப் பெண்களுக்குக் கை பழக நாளாகும், அதற்குள் ஆடித் தள்ளுபடி வேறு வந்துவிடும். இன்னொரு பக்கத்தில், பாதுகாப்பு, வேகம், அப்புறம் அந்தக் காலை நேரத்து மக்கர்.

மக்கருக்குக் காரணம் எளிது. ராத்திரி கடை மூடும்போது மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போவார்கள். காலையில் போட்டதும் பழைய ஃபிரேம்வொர்க் அவசரமாக எழுந்துவிடும், கணக்குகள் இருக்கும் தகவல்தளம் எழுவதற்கு நேரமாகும். பேச ஆள் இல்லாமல் அது திகைத்து நின்றுவிடும். புதியதோ ஆள் வரும்வரை காத்திருக்கும். அதாவது புதியதற்கு மாறினால் என்னை யாரும் எழுப்ப வேண்டியதில்லை. கோப்பில் இதை மாற்றுவதற்கான காரணங்களோடுதான் எழுதியிருந்தேன். மாற்றாமல் இருப்பதற்கு எனக்குள் இருந்த பெரிய காரணமும் அதுதான். அதை எந்தப் பக்கத்திலும் எழுத முடியவில்லை.

3

என் மகள் நிலா இங்கே பல்கலைக்கழகத்தில் கணினிதான் படிக்கிறாள். இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் விடுதி. வாரக் கடைசியில் வருவாள், துணி துவைப்பாள், ரசம் சாப்பிடுவாள், போவாள். தமிழ் பேசுவாள், ஆனால் யோசித்துத்தான் பேசுவாள். எனக்குக் கோபம் வந்தால் அவளுக்குப் பாதிதான் புரியும். அந்தப் பாதியும் தப்பான பாதியாக இருக்கும்.

பிப்ரவரியில் விடுமுறைக்கு வந்தவள் என் கோப்பைப் படித்துவிட்டு, "அம்மா, உன் புரோகிராமுக்கு ரொம்ப வயசு. நான் மாத்தட்டுமா?" என்று கேட்டாள்.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிராமல், "பார்க்கலாம்" என்றேன்.

சைதாப்பேட்டையில் எந்தக் குழந்தைக்கும் அந்தப் பார்க்கலாமுக்கு அர்த்தம் தெரியும். புதுச் செருப்பு கேட்டபோதும், மெரினாவில் குதிரைச் சவாரி கேட்டபோதும் என் அப்பா சொன்ன அதே பார்க்கலாம். அதைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு போய்விடுவோம். ஜெர்மனியில் வளர்ந்தவள் போகவில்லை. விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுதினாள். அடுத்த பருவத்திலும் படிப்பு போக மிச்ச நேரத்தில் எழுதினாள். அடையாறு தம்பியும் சேர்ந்துகொண்டான். அது மட்டுமில்லை, எனக்குத் தெரியாமல் குமுதாவைக் கூப்பிட்டு, என்ன பொத்தான் எங்கே வேண்டும் என்று வீடியோவில் கேட்டிருக்கிறாள். குமுதா சித்தி என்று கூப்பிடுகிறாளாம். என்னிடம் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசாத பெண், சென்னையில் இருக்கும் என் சிநேகிதியோடு மணிக்கணக்கில் பேசியிருக்கிறாள்.

ஜூனில் வந்து, "அம்மா, ரெடி. நீதானே பார்க்கலாம் சொன்ன. வந்து பாரு" என்றாள்.

நான் பார்க்கவில்லை. முறுக்கிக்கொண்டு இருந்தேன். அண்ணாச்சியிடம் போன் போட்டு, ஆடிக்கு முன்னால் ஒரு நாள் வேண்டுமானால் ஓட்டிப் பாருங்கள், சரிப்படாது, அன்று மாலையே பழையதற்குத் திரும்பிவிடலாம் என்று சொல்லி வைத்தேன். புதன்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

4

அந்தப் புதனுக்கு இரண்டு நாள் முன்னால் எனக்குக் குடியுரிமை அலுவலகத்தில் முறை வந்திருந்தது. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த முறை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் மரியாதையானவர், சிரித்த முகம், ஒரு அங்குலம்கூட நகராதவர்.

பிரச்சினை என் பெயர். பட்டச் சான்றிதழில் ஏ. வசந்தி. இவர்கள் தாள்களில் வசந்தி ஏகாம்பரம். குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் இவர்களுடைய கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. அதனால் வந்த வருஷமே அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்துக்குள் தள்ளிவிட்டார்கள். சைதாப்பேட்டை கோர்ட்டில் டவாலியாக நின்று, வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பெயரைக் கூப்பிட்ட மனிதர் ஏகாம்பரம். இங்கே பல் டாக்டரின் வாசலில் அவர் பெயரைக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன்.

இரண்டு தாளிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொன்னார் அந்த அம்மாள். அந்த ஏ என்பது என் அப்பா என்று சொல்ல வந்தேன். பதற்றத்தில் ஜெர்மன் காலை வாரிவிட்டது. "என் அப்பா ஒரு எழுத்து" என்று சொல்லிவிட்டேன். அவர் எனக்காக வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுவிட்டு, தூதரகத்திலிருந்து ஒரு சான்று வாங்கி வாருங்கள் என்றார். நான் ஒரே ஆள்தான் என்பதற்கு இன்னொரு ஊருக்கு ரயிலேற வேண்டும். திரும்பி வரும் வழியில் டிராமில் உட்கார்ந்து, கட்டங்களைக் கண்டுபிடித்தவன் யாராக இருந்தாலும் நாசமாகப் போக என்று தமிழில் உரக்கவே சொன்னேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

5

புதன்கிழமை ஐந்தரைக்கே எழுந்து மேஜையில் உட்கார்ந்துவிட்டேன். விடுமுறை இல்லாவிட்டாலும் இதற்காகவே வந்திருந்த நிலா தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு மணி ஆயிற்று. போன் அடிக்கவில்லை. காபியைப் போட்டு எடுத்து வந்தேன். அப்போதும் இல்லை.

கடையையே திறக்கவில்லையோ என்று புதிய புரோகிராமுக்குள் நுழைந்து பார்த்தேன். பில்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. முதல் பில்லைத் தேடி எடுத்தேன். வாடிக்கையாளர்: பிள்ளையார். கைப்பேசி என்ற கட்டத்தில் பத்து இலக்க எண். தொகை: ஒரு ரூபாய்.

நிலாவை எழுப்பிக் கேட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்தாள். பழைய புரோகிராமில், நாளின் முதல் பில்லுக்கு எந்தச் சோதனையும் வேண்டாம், தொகை பூஜ்யமாக இருக்கலாம் என்று நான் எழுதியிருந்த வரிகளை அவள் எடுத்துவிட்டிருக்கிறாள். நான் எப்போதோ சோதனைக்காகப் போட்டுப் பார்த்து அழிக்க மறந்துபோனது என்று நினைத்தாளாம். "யானைத் தலை சாமி பேரு, ஒரு மஞ்சள் துணி, ஜீரோ ரூபாய். டெஸ்ட் டேட்டா இல்லையா அம்மா?" என்றாள். அது போதாதென்று, எல்லாக் கடைகளிலும் கேட்கிறார்கள் என்பதற்காக வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணைக் கட்டாயமாக்கியிருக்கிறாள்.

கோபம் வந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு திருப்தியும் வந்தது. சரிப்படாது என்று நான் சொன்னேன் அல்லவா? அந்த வேகத்தோடு அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எம்மா, பிள்ளையாருக்குப் போன் நம்பர் கேக்கு உம் பொண்ணு மிஷினு. பத்து நம்பர் இல்லைன்னா உள்ளயே விடமாட்டேங்கு. நான் எங்க போவேன்? எந் நம்பரையே குடுத்துட்டேன். இப்ப எனக்கு மெசேஜ் வருது. பிள்ளையார் அவர்களே, வருகைக்கு நன்றி, மீண்டும் வருகன்னு."

பூஜ்யத்தை ஏற்காததால் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துத் தானே கல்லாவில் போட்டாராம். பில் வந்தது, படத்துக்கு முன்னால் வைத்தாயிற்று, வியாபாரம் நடக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்றார். நான் விடவில்லை. சாமி பில்லையே மதிக்காத புரோகிராம் நமக்கு எதற்கு, பழையதையே வைத்துக்கொள்வோம், ஆடி முடியட்டும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உட்கார்ந்து அடிக்கிறவள் குமுதா, அவளிடம் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார்.

மாலையில், அங்கே கடை முடியும் நேரம் பார்த்து, குமுதாவைக் கூப்பிட்டேன். அவள் ஏற்கனவே பஸ்ஸில் இருந்தாள். ஆற்றோரத்து வீடுகளை அரசாங்கம் இடித்த பிறகு அவள் குடும்பத்துக்குப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் வீடு. இரண்டு பஸ் மாற வேண்டும். பழையதற்குத் திரும்புவதைப் பற்றிச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன்.

"பழசு வோணாம் வசந்தி" என்றாள். "புச்சு நல்லா கீது. கணக்கு சட்டுனு முடிஞ்சிடுச்சு. முன்னாடி பஸ்ஸு கெடச்சுது, உக்கார எடமும் கெடச்சுது. எவ்ளோ நாளாச்சு தெரியுமா, ஜன்னலாண்ட உக்காந்து?"

பிரிண்டர் என்னாகும் என்றேன். அதற்கு நிலா ஏதோ செய்து கொடுத்துவிட்டாள், ஓடுகிறது என்றாள். வரி அறிக்கை என்றேன். அது அடையாறு தம்பி செய்கிறான் என்றாள். என் கோப்பில் இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டே வந்தன. கடைசியில் என்னையும் மீறி வாயில் வந்துவிட்டது. இனிமேல் காலையில் என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்காது, இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

பஸ் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி அவள் சொன்னாள்:

"இன்னா வசந்தி நீ. எங்கூடப் பேசணும்னா பேசு. அதுக்கு மிஷினு மக்கர் பண்ணிக்கினே இருக்கணுமா?"

பஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். நன்றாகவே கேட்டிருந்தது. அவள்மேல் கோபம், நிலாமேல் கோபம், பத்து விரலையும் எதிர்பார்த்துக் காலியாக நின்ற அந்த மடிக்கணினிமேல்கூடக் கோபம். அழுகையும் வந்தது. அது யார்மேல் என்று தெரியவில்லை.

6

ஒப்புக்கொண்டேன். பெருந்தன்மையாக இல்லை, முணுமுணுத்துக்கொண்டேதான். எல்லாக் கடைகளும் தீபாவளிக்குள் புதியதற்கு மாறுவது என்று முடிவாயிற்று.

பிள்ளையாருக்கான வரிகளை மட்டும் நானே எழுதுகிறேன் என்றேன். புது ஃபிரேம்வொர்க்கில் நான் எழுதிய முதல் வேலை அதுதான். பழையதில் மூன்று வரியில் முடிந்தது, புதியதில் எங்கே தொட வேண்டும் என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போனது. அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் கடுகு டப்பாவைத் தேடுகிற மாதிரி இருந்தது. எழுதி அனுப்பினால், நிலா அதைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்பினாள். இந்த ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் ஏன் விலக்கு, காரணத்தைக் குறிப்பாக எழுதவும் என்று கேட்டிருந்தாள். பெற்ற தாயிடம். குடியுரிமை அலுவலகத்து அம்மாள் நினைவுக்கு வந்தார். தமிழிலேயே எழுதினேன்: "இவர் எங்கள் கடைக்கு முதலில் வருகிறவர். இவரிடம் எண் கேட்கக் கூடாது. காசும் கேட்கக் கூடாது." அதற்கு ஒரு பச்சை டிக் போட்டு ஏற்றுக்கொண்டாள்.

மறுநாள் அண்ணாச்சியிடமிருந்து புகார். நன்றி மெசேஜ் நின்றுவிட்டதாம். காலையில் பிள்ளையார் அவர்களே என்று வந்தால் மனதுக்கு நன்றாக இருந்ததாம், திரும்பக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, விரும்பினால் எண் கொடுக்கலாம் என்று மாற்றிக் கொடுத்தேன்.

இன்று காலையும் ஆறு மணிக்கு முழிப்பு வந்துவிட்டது. உடம்புக்கு ஃபிரேம்வொர்க் மாறியது இன்னும் தெரியவில்லை. மேஜையில் உட்கார்ந்தேன். பிள்ளையார் பில் தானாக வந்து விழுந்தது, மஞ்சள் துணி, பூஜ்யம். நான் எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனை எடுத்து குமுதாவைக் கூப்பிட்டேன்.

"இன்னா, மக்கரா?" என்றாள் பதறி.

"இல்ல. சும்மாதான்."

அந்தப் பக்கம் அடுத்த கடையின் ஷட்டர் ஏறும் சத்தம், யாரோ ஹேங்கர்களைத் தள்ளும் சத்தம். இத்தனை வருஷம் காலை தவறாமல் பேசியிருக்கிறோம். அவள் வீடு எத்தனாவது மாடி என்றுகூட எனக்குத் தெரியாது. வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவள் பக்கத்தில் இருந்தவளிடம், "கொஞ்சம் பாத்துக்கடி, எனக்குப் போன் வந்துகீது" என்று சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "ம், சொல்லு" என்றாள்.

வாயில் முதலில் வந்ததைக் கேட்டேன்.

"பெரும்பாக்கத்துல தண்ணியெல்லாம் ஒழுங்கா வருதா?"

"அத ஏன் கேக்குற" என்று குமுதா ஆரம்பித்தாள்.